பிழைத்தவரின் கடன்

தியானப் பகுதி: லூக்கா 13:1–9



இந்த வாரம் ஒரு மிதிவண்டி வீராங்கனையின் வாழ்வை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். விளையாட்டுச் செய்திகளுக்கு இந்தப் பக்கத்தில் நாம் இடம் கொடுப்பது அரிது. ஆனால் பேராபத்திலிருந்து உயிர் தப்பி வந்த ஒருவரிடம் திருச்சபை என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்ற கேள்வி சில மாதங்களாக என் மனதை விட்டு அகலவில்லை. அந்தக் கேள்வியைச் சிந்திக்க இவருடைய வரலாறு எனக்குத் துணைசெய்தது.

அவர் பெயர் டெபோரா ஹெரால்டு. நம்முடைய வேதாகமத்தில் தெபொராள் என்று நாம் வாசிக்கிற பெயர்தான் அது. வங்கக் கடலில், அந்தமானுக்குத் தெற்கே உள்ள கார் நிக்கோபார் தீவைச் சேர்ந்தவர். 1995ஆம் ஆண்டு பிறந்தவர். அந்தத் தீவின் பழங்குடி மக்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அங்கே சுவிசேஷத்தின் வித்தை ஊன்றியவர்களுள் ஒருவர் நம்முடைய மொழி பேசியவர் என்பதை நம் சபைகளில் பலர் அறியார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் அங்கே குடியேறிப் பள்ளி நடத்தினார். அவரிடம் கற்ற சிறுவன் ஒருவன்தான் பிற்காலத்தில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் ஆனான். புதிய ஏற்பாட்டை நிக்கோபார் மொழிக்குக் கொண்டுவந்தவரும், சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவையில் அத்தீவுகளின் சார்பில் அமர்ந்தவரும் அவரே.

2004 டிசம்பர் 25 சனிக்கிழமை. தீவின் ஆலயங்களில் கிறிஸ்துமஸ் ஆராதனை நடந்தது. மறுநாள் ஞாயிறு காலை ஆறரை மணியளவில் சுமத்ராவின் அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. கார் நிக்கோபார் மலைகளற்ற, தாழ்ந்த தீவு. கிராமங்களோ கடலோரத்தில். ஓடி ஏற மேடு இல்லாத இடத்தில் அலைகள் வந்தன. அப்போது டெபோராவுக்கு ஒன்பது வயது. அலையில் அடித்துச் செல்லப்பட்ட அந்தச் சிறுமி ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு, இலைகளையும் மரப்பட்டையையும் தின்று, பல நாட்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து பிழைத்தாள் என்று அவருடைய வரலாற்றை எழுதிய செய்தித்தாள்கள் கூறுகின்றன.

ஆண்டுகள் சென்றன. அந்தச் சிறுமி தேசிய மிதிவண்டிப் பயிற்சிக்கெனப் புதுடெல்லிக்கு வந்தார். 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் கட்டப்பட்ட மரத்தளம் அவருடைய பயிற்சிக் களமாயிற்று. 'டிராக்' என்று அழைக்கப்படும் அந்த ஓடுதளப் பந்தயம் நம் மலைவாசிகளுக்குப் புதிது. ஆகவே சற்று விளக்குகிறேன். ஒரு சுற்று 250 மீட்டர். வளைவுகளில் தளம் 40 பாகைக்கும் மேல் சுவரைப்போலச் சரிந்து நிற்கும். வேகம் இருந்தால்தான் சக்கரம் அதில் பற்றும். மெதுவாகச் சென்றால் வழுக்கிக் கீழே விழ வேண்டியதுதான். அந்த மிதிவண்டிக்கு ஒரே ஒரு கியர், பிரேக் கிடையாது. சக்கரம் சுழலும் வரை மிதிகட்டையும் சுழலும். காலை நிறுத்திவிட்டு வண்டியைத் தானாக ஓடவிட இயலாது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை இறுகப் பிடித்தபடியே இறங்கிப் பழகிய நம் பிள்ளைகள் இதைக் கேட்டால் திகைப்பார்கள்.

டெபோரா தேர்ந்துகொண்டது வேகப் பந்தயங்கள். அவற்றுள் ஒன்று 500 மீட்டர் தனிநேரப் போட்டி: நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, இரண்டே சுற்று. உலகின் முன்னணி வீராங்கனைகள் அக்காலத்தில் அதை 33, 34 நொடிகளில் முடித்தார்கள். டெல்லியில் நடந்த டிராக் ஆசியக் கோப்பைப் போட்டிகளில் அவர் தங்கம் வென்றார். 2015ஆம் ஆண்டின் இறுதியில், அந்தப் போட்டிக்கான உலகத் தரவரிசையில் நான்காம் இடத்தை எட்டினார். அதற்குமுன் இந்திய மிதிவண்டி விளையாட்டில் எவரும் எட்டாத உயரம் அது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் நமக்கு ஒரு நேர்த்தியான சாட்சி கிடைத்துவிடும். 'ஆழியின் வாயிலிருந்து ஆண்டவர் அவளைத் தூக்கியெடுத்தார். ஏனெனில் அவளைக் கொண்டு ஒரு பெரிய காரியம் செய்ய அவர் சித்தங்கொண்டிருந்தார்.' மேடையில் இப்படிச் சொன்னால் கைத்தட்டல் எழும். ஆனால் வாழ்க்கை அந்த இடத்தில் நிற்கவில்லை. அவர் உலக அளவில் சிறந்து விளங்கிய 500 மீட்டர் போட்டி, 2004 ஏதென்ஸ் விளையாட்டோடு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அதில் ஒலிம்பிக் பதக்கம் என்ற ஒன்று அவருக்காகக் காத்திருக்கவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும் இந்திய மிதிவண்டி அணிக்குப் பதக்கம் கிட்டவில்லை. பின்னர் அவர் பெயர் செய்தித்தாள்களில் குறையத் தொடங்கியது. நான்காம் இடம் என்பது மேடையில் நிற்க இடமில்லாத இடம் அல்லவா?

அப்படியானால், மரத்தில் தொங்கிய அந்தச் சிறுமி எதற்காகக் காப்பாற்றப்பட்டாள்? தரவரிசையில் நான்காம் இடத்துக்காகவா? இந்தக் கேள்வி நமக்குக் கொடூரமாகத் தோன்றுகிறது. ஆனால் 'பெரிய காரியத்துக்காகவே தேவன் காப்பாற்றினார்' என்று எளிதாகச் சொல்லிவிடும்போது, அந்தக் கொடூரமான கேள்விக்கும் நாமே வாசலைத் திறந்துவிடுகிறோம். அதைவிடக் கொடிய கேள்வி ஒன்று அதன் பின்னால் வருகிறது. அதே ஞாயிறன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் ஜெபத்துக்காகச் சென்றவர்கள் அவர்களுள் உண்டு. கார் நிக்கோபாரின் பிள்ளைகள் எத்தனையோ பேர் மரம் எட்டாமல் போயினர். அவர்களைக் குறித்து ஆண்டவருக்கு ஒரு நோக்கமும் இல்லாதிருந்ததா?

இது புத்தகக் கேள்வி அல்ல என்பதை நான் இந்த மலையில் கற்றேன். குடும்பத்தாரின் ஒப்புதலோடு, ஊரையும் பெயரையும் சொல்லாமல் எழுதுகிறேன். மழைக்காலத்து மாலை ஒன்றில் மாடுகளை ஓட்டிவந்த அண்ணனும் தம்பியும் ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கினார்கள். இடி இறங்கியது. மூத்தவன் அங்கேயே மரித்தான். இளையவன் சிறு காயங்களோடு பிழைத்தான். அடக்க ஆராதனை முடிந்த நாள்முதல், அந்த வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் இளையவனின் தலையில் கைவைத்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "உன்னைக் கர்த்தர் சும்மா வைக்கலப்பா. உன்கிட்ட ஒரு பெரிய நோக்கம் இருக்கு." நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் சுவரோரம் அமர்ந்திருந்த தாய் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ஐயா, சின்னவன்கிட்ட நோக்கம் இருந்துச்சுன்னா, பெரியவன்கிட்ட இல்லைங்களா?"

சில மாதங்கள் கழித்து அந்த இளையவன், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், வேறொன்றைச் சொன்னான். "அண்ணனுக்கும் சேர்த்து நான்தான் படிக்கணும்னு சொல்றாங்க ஐயா. தூங்கினாலே தப்பு பண்ற மாதிரி இருக்கு." அன்புள்ள வாசகரே, அந்தப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவன் ஏறியிருப்பது பிரேக் இல்லாத மிதிவண்டி. மிதிப்பதை நிறுத்த அவனுக்கு அனுமதி இல்லை. நின்றால் விழுந்துவிடுவோம் என்று நம்புகிறான். அவன் தோளில் அந்தச் சுமையை ஏற்றியவர்கள் பகைவர்கள் அல்லர். அவனை நேசிக்கிற விசுவாசிகள்.

இப்போது நம்முடைய தியானப் பகுதிக்கு வருவோம். பிலாத்து கலிலேயர் சிலரைப் பலிபீடத்தருகே கொன்ற செய்தியைச் சிலர் ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அதோடு இன்னொன்றையும் தாமாகச் சேர்க்கிறார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மாண்ட சம்பவம். முதலாவது மனிதன் செய்த கொடுமை. இரண்டாவது எவரும் எதிர்பாராத விபத்து. இரண்டிலும் மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே உறுதியாக மறுமொழி சொல்கிறார். இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். கோபுரத்தைப் பற்றிப் பேசும் நான்காம் வசனத்தில், நம் தமிழ் வேதாகமம் குற்றவாளிகள் என்று மொழிபெயர்த்திருக்கும் இடத்தில், கிரேக்க மூலத்தில் 'ஓபெயிலேத்தாய்' என்ற சொல் உள்ளது. அதன் நேர்ப்பொருள் கடனாளிகள். எருசலேமில் வாசமாயிருந்த மற்றெல்லாரைக் காட்டிலும் அந்தப் பதினெட்டுப்பேர் பெரிய கடனாளிகளாய் இருந்ததால் கோபுரம் அவர்கள்மேல் விழுந்தது என்று எண்ணாதீர்கள் என்பதே ஆண்டவரின் கூற்று.

மாண்டவர்கள் கடனைத் தீர்க்க மாண்டவர்கள் அல்லர் என்றால், பிழைத்தவர்களும் கடன்பட்டுப் பிழைத்தவர்கள் அல்லர். கோபுரத்தின் கணக்கு இரு பக்கமும் கிழித்தெறியப்படுகிறது. செத்தவரின் பாவத்தை எண்ணுகிற கையும், பிழைத்தவரின் பெருமையை எண்ணுகிற கையும் ஒரே பேரேட்டைத்தான் புரட்டுகின்றன. ஆண்டவர் அந்தப் பேரேட்டையே மூடிவிடுகிறார்.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தையும் இதனோடு சேர்த்து வாசியுங்கள். ஏரோது ராஜா யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். பிறகு பேதுருவைப் பிடித்துச் சிறையில் வைத்தான். தேவதூதன் வந்தான், சங்கிலிகள் விழுந்தன, இரும்புக்கதவு தானாகத் திறந்தது. ஒருவருக்கு ஒரே வசனத்தில் மரணம். மற்றவருக்குப் பல வசனங்களில் விடுதலை. இருவரும் இயேசுவோடு மறுரூப மலையில் ஏறியவர்கள். இருவரும் சபையின் தூண்கள். ஏன் இப்படி என்று லூக்கா ஒரு வரியும் எழுதவில்லை. பேதுருவுக்கு அதிக விசுவாசம் இருந்தது என்றோ, யாக்கோபின் வேலை முடிந்துவிட்டது என்றோ அவர் விளக்கம் தேடவில்லை. பரிசுத்த ஆவியானவர் மௌனமாயிருந்த இடத்தில் நாம் ஏன் இவ்வளவு பேசுகிறோம்?

இந்த மௌனத்தின் பாடத்தை டெபோராவின் விளையாட்டே இன்னொரு தேசத்தில் நமக்கு மீண்டும் காட்டுகிறது. ஓடுதள மிதிவண்டிப் பந்தயத்தில் இன்று உலகின் முன்னணியில் நிற்கும் நாடுகளுள் ஒன்று நெதர்லாந்து. அந்த நாட்டின் ஷானே பிராஸ்பெனிங்க்ஸ் என்ற வீராங்கனைக்கு 2015ஆம் ஆண்டு, தன் இருபதுகளிலேயே மாரடைப்பு ஏற்பட்டது. அவர் பிழைத்தார், மீண்டும் பயிற்சிக்குத் திரும்பினார், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கெய்ரின் என்னும் பந்தயத்தில் தங்கம் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் அதே நாட்டின் ஏமி பீட்டர்ஸ், தன் இணை கிர்ஸ்டன் வில்டுடன் மேடிசன் என்னும் இருவர் பந்தயத்தில் தொடர்ந்து மூன்றாம் முறையாக உலகப் பட்டம் வென்றார். இரண்டு மாதம் கழித்து, கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு, ஸ்பெயினில் சாலையில் பயிற்சி செய்தபோது விழுந்தார். தலையில் பலத்த காயம். பல மாதங்கள் சுயநினைவின்றிக் கிடந்தார். உலகப் பட்டங்கள் வென்றவர் நடக்கவும் பேசவும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. பந்தய வாழ்வு அன்றோடு முடிந்தது.

இருவரும் ஒரே நாட்டினர், ஒரே காலத்தவர். இருவரும் உயிர் பிழைத்தவர்கள்தாம். நம் சாட்சி மேடைக்கு இவர்களுள் யாரை அழைப்போம்? தங்கப்பதக்கம் அணிந்தவரை உடனே அழைப்போம். ஒரு வார்த்தையை உச்சரிக்கப் போராடுகிறவரை அழைப்போமா? அழைக்கமாட்டோம் என்றால், நாம் சாட்சி என்று கொண்டாடுவது கிருபையை அல்ல, வெற்றியை. கிருபைக்கு மேடையில் முதல் மூன்று இடங்கள் என்ற வரம்பு இல்லை.

அப்படியானால் பிழைத்தவரிடம் ஆண்டவர் ஒன்றும் எதிர்பார்ப்பதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சீலோவாம் கோபுரத்தைப் பற்றிப் பேசி முடித்தவுடனே அவர் சொன்ன உவமையில் அதற்கு விடை இருக்கிறது. திராட்சத்தோட்டத்தில் ஓர் அத்திமரம். மூன்று வருஷமாகக் கனி இல்லை. வெட்டிப்போடு என்கிறான் எஜமான். தோட்டக்காரனோ, இந்த வருஷமும் இருக்கட்டும் என்று கெஞ்சுகிறான். அதுவும் பிழைத்த மரம்தான்! கோடரி விழ வேண்டிய நாளைக் கடந்து நிற்கிற மரம். அந்த மரத்திடம் தோட்டக்காரன் என்ன சொன்னான்? ஒன்றும் சொல்லவில்லை. உனக்காக எவ்வளவு பரிந்து பேசினேன் தெரியுமா என்று அதைக் கடிந்துகொள்ளவில்லை. தானே குனிந்து, அதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போட முன்வருகிறான். நம் மலையில் பலாவும் சீத்தாவும் வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும். மரத்தை அதட்டி எவரும் காய் பறித்ததில்லை. பாத்தி கட்டுகிறோம், தொழுவுரம் இடுகிறோம், மழைக்காகக் காத்திருக்கிறோம்.

கடனுக்கும் கனிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கடனுக்குத் தொகையும் தவணையும் உண்டு, தவறினால் அவமானம். கனிக்கோ வேர் உண்டு, பருவம் உண்டு, பராமரிக்கிற ஒரு கை உண்டு. கடன் அச்சத்திலிருந்து பிறக்கிறது. கனி அன்பிலிருந்து பிறக்கிறது. ரோமர் 13:8இல் பவுல் ஒரே ஒரு கடனைத்தான் நமக்கு விட்டுவைக்கிறார்: ஒருவரிலொருவர் அன்புகூருவது. அந்தக் கடனைப் பதக்கத்தாலும் மதிப்பெண்ணாலும் அடைக்க இயலாது. அடைக்கும்படி ஒருவரும் கேட்கவுமில்லை.

டெபோராவின் வாழ்வையும் இந்த ஒளியிலேயே நான் பார்க்க விரும்புகிறேன். அவருடைய உள்ளத்தின் விசுவாசம் அவருக்கும் ஆண்டவருக்கும் உரியது. ஆனால் அலை கடந்துபோன தீவில், ஒன்பது வயதில் எல்லாவற்றையும் கண்டுவிட்ட ஒரு பிள்ளை, மீண்டும் உலகத்தை நம்பி, ஒரு வாகனத்தின் மேல் ஏறி, காற்றைக் கிழித்துச் செல்லுமளவுக்கு வாழ்வை நேசித்ததே, அதுவே போதுமான கனி அல்லவா? அவருக்குப் பின்னால் அதே தீவுக்கூட்டத்திலிருந்து ஈசோ ஆல்பன் என்ற இளைஞர் வந்தார். 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். தங்கத்தை அவர் தவறவிட்டது ஒரு நொடியின் நூறில் இரண்டு பங்குக்கும் குறைவான நேரத்தில். மறு ஆண்டு ஜெர்மனியில் இந்திய இளையோர் அணி குழு வேகப்பந்தயத்தில் உலகத் தங்கத்தையே வென்றது. அந்த அணியிலும் அவர் இருந்தார். இவையெல்லாம் டெபோராவின் கனிகள் என்று நான் கணக்கெழுதப் போவதில்லை. கணக்கெழுதுவதை விட்டுவிடும்படிதானே ஆண்டவர் சொன்னார்! முன்னே ஒருவர் சென்ற தடம் பின்னே வருகிறவருக்கு எவ்வளவு துணை என்பதைத் தோட்டக்காரர் அறிவார்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. சீலோவாம் பகுதியில் ஆண்டவர் மனந்திரும்புங்கள் என்று இருமுறை எச்சரித்தார். அந்த எச்சரிக்கை விபத்தில் சிக்கித் தப்பியவர்களுக்கு மாத்திரம் உரியது அல்ல. தூரத்தில் நின்று செய்தி கேட்டவர்களுக்கு உரியது. ஆகவே இதை வாசிக்கிற நீங்களும், எழுதுகிற நானும் பிழைத்தவர்களே. பெருந்தொற்றுக் காலத்தைக் கடந்தோம். எத்தனையோ மழை இரவுகளில் மலைப்பாதையைக் கடந்தோம். நமக்கு மேலான ஒருவர் நமக்காக இந்த வருஷமும் இருக்கட்டும் என்று பரிந்து பேசியிருக்கிறார். பேசியதோடு நில்லாமல், தாமே மரத்தில் தொங்கினார். தப்பித்து இறங்கி வரவில்லை. மற்றவர்களை இரட்சித்தவர் தம்மைத்தாம் இரட்சித்துக்கொள்ள மறுத்தார். நம்முடைய பிழைப்பின் விலை அங்கே செலுத்தப்பட்டாயிற்று. செலுத்தித் தீர்ந்த கடனுக்கு ஒரு பிள்ளையிடம் வட்டி கேட்க நாம் யார்?

இனி உங்கள் சபையில் ஆபத்திலிருந்து தப்பி வந்த ஒருவரைக் காணும்போது, நோக்கத்தைப் பற்றிப் பேச விரையாதீர்கள். 'நீ இருப்பது எங்களுக்குச் சந்தோஷம்' என்று சொல்லுங்கள், அது போதும். மரித்தவரின் பெயரை அந்த வீட்டில் தயங்காமல் உச்சரியுங்கள். தாயின் அருகே அமர்ந்து, அவர் கேட்கிற கேள்விக்கு விடை இல்லாவிட்டால், விடையின்றியே அமர்ந்திருங்கள். இளைய பிள்ளையிடம், நீ தூங்கலாம் என்று சொல்லுங்கள். அவன் தேர்வில் வெல்லலாம், தோற்கலாம். இரண்டிலும் அவன் பிதாவின் பிள்ளையே.

பிரேக் இல்லாத அந்த மிதிவண்டி எப்படி நிற்கும் என்று உங்களுக்கு ஐயம் எழுந்திருக்கலாம். பந்தயம் முடிந்தபின் வீராங்கனை உடனே நிற்க முடியாது. வேகம் தணியத் தணிய இன்னும் சில சுற்றுகள் சுற்றி வருவார். ஓரத்தில் பயிற்சியாளர் காத்திருப்பார். அருகே வரும்போது கைநீட்டி இருக்கையைப் பற்றி, விழாமல் தாங்கிக்கொள்வார். எத்தனையாவது இடம் வந்தார் என்று பார்த்து அந்தக் கை நீட்டப்படுவதில்லை. வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை நம் ஆண்டவர் அழைத்த அழைப்பும் அத்தகையதே.

ஜெபம்

எங்கள் ஜீவனின் கர்த்தாவே, எங்களை இந்நாள்வரை காத்த உமது இரக்கத்துக்காக உம்மைத் துதிக்கிறோம். நாங்கள் இழந்தவர்களை உமது கரத்தில் விட்டுவிடுகிறோம். எங்களுக்குப் புரியாததையும் அங்கேயே வைக்கிறோம். பிழைத்த எங்கள் பிள்ளைகள்மேல் நாங்கள் ஏற்றிவைத்த சுமைகளை நீர் இறக்கிவிடும். அழுகிற தாய்மாரின் அருகே எங்களை அமரச் செய்யும். எங்கள் வேரைச் சுற்றி நீர் கொத்தும்போது வலித்தாலும், அது வெட்டுகிற கோடரி அல்ல, பேணுகிற கை என்று அறியும் அறிவைத் தாரும். ஏற்ற காலத்தில் எங்களில் கனியைக் கண்டு மகிழும். எங்கள் ஓட்டம் முடிகிற நாளில் உமது கை எங்களைத் தாங்கிக்கொள்வதாக. இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.